விசர்: ஒரு கரையோர இலக்கண ஆய்வு

வெகுளிக்குத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நாலே காரணம் வைத்தார்: உறுப்பை அறுப்பது, குடிகளைக் கவர்வது, அலைப்பது, கொல்வது. விடியற்காலையிலிருந்து இழுத்த கரைவலையின் மடியில் பாசி மட்டும் கிடப்பதை அவர் சேர்க்கவில்லை. இலங்கையின் உடப்புக் கரையைப் பார்த்திராததே இக்குறைக்குக் காரணம் என்பது என் துணிபு. அந்த ஐந்தாம் காரணத்தால் வருவது வெகுளி அன்று, விசர்.

இக்கரைக்கு ஆராய்ச்சி புதிதல்ல. 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1859இல் 'தமிழ் புளூட்டாக்' வெளியிட்டுப் புலவர்களின் வரலாற்றைத் தந்தார். புலவர்களுக்கு அவர் செய்ததை ஒரு சொல்லுக்கு நான் செய்கிறேன்.

தமிழ்நாட்டு நண்பர் ஒருவருக்கு இச்சொல்லை விளக்கினேன். 'வெறி' என்று குறித்துக்கொண்டார். இங்கே வெறி என்பது சாராயம் உள்ளே போனபின் வருவது. அவர் ஊர் 'வெறிநாய்' பலகையை இங்கே நட்டால், நாய்க்கு ஊற்றிக்கொடுத்தது யார் என்றுதான் கேட்பார்கள். கடித்தால் ஊசி போடவேண்டியது விசர்நாய்க்கு.

விசர் இடத்துக்கு இடம் பொருள் மாறும். இடம் என்றால் புத்தளம், சிலாபம் அல்ல; தன்மை, முன்னிலை, படர்க்கை. 'எனக்கு விசர் வருது' என்றால் கோபம், அதுவும் நியாயமான கோபம். 'உனக்கென்ன விசரா?' என்றால் மடத்தனம். 'அவனுக்கு விசர்' என்றால் தீராத கோளாறு, வினைச்சொல்கூடத் தேவையில்லை. என்னிடம் வந்துபோகிற விசர் அவனிடம் குடியிருக்கிறது. மரியாதைப் பன்மையும் உண்டு. மிச்சக் காசு தராத கண்டக்டரை ஓர் அம்மா, "விசரா தம்பி உங்களுக்கு?" என்று கேட்டார். வசவு குறையவில்லை, சலவை செய்து மடித்துக் கொடுத்ததுபோல் இருந்தது.

மெய்யாகவே மனம் குழம்பியவரை வீட்டார் இச்சொல்லால் சொல்வதில்லை. 'சுகமில்லை' என்பார்கள், குரலைத் தாழ்த்தி.

அஃறிணைக்கும் விசர் உண்டு. சோழகம் கிளம்பினால் படகு இறக்கமுடியாதவர், 'விசர்க் காத்து' என்கிறார். அதே காற்றுக்காக வெள்ளைக்காரர்கள் விமானமேறிக் கற்பிட்டிக்கு வந்து, காலில் பலகையும் தலைக்குமேல் பட்டமுமாகக் களப்பில் பறக்கிறார்கள். அவர்களை என்னவென்று சொல்வது? உச்சி வெயிலில் குறிப்பேட்டோடு நின்று, வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன்.

அவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "இதக் கேக்கவா இந்த வெயிலுக்குள்ள நிக்கிறீங்க?"

சொல்லை அவர் உச்சரிக்கவில்லை. முன்னிலைப் பொருள் தெளிவாக விளங்கிற்று.