எஸ்யூவி வாங்கப் போறீங்களா? கேள்வி – பதில்

கேள்வி: வீட்டிலிருந்து ஆபீஸ் 8 கிலோமீட்டர். வருஷத்துக்கு இரண்டு முறை தென்காசி. ‘எஸ்யூவின்னா டீசல்தான்’ என்கிறார் மைத்துனர். எடுக்கலாமா? (வாசகர், அம்பத்தூர்)

மைத்துனரை விட்டுக்கொடுக்காதீர்கள், டீசலை விட்டுவிடுங்கள். அவர் சொல்வது 2020-க்கு முந்தைய கணக்கு. அந்த ஏப்ரலில் பிஎஸ்6 அமலுக்கு வந்தது. அதோடு டீசல் கார்களின் புகைக்குழாய்க்குள் டிபிஎஃப் என்ற வடிகட்டியும் வந்து உட்கார்ந்துகொண்டது. கரித்துகளைப் பிடித்து வைப்பது அதன் வேலை. சேர்ந்த கரியை எரித்துத் தீர்க்க ஏறத்தாழ 600 டிகிரி சூடு வேண்டும். பைபாஸில் நிற்காமல் ஓடினால் அந்தச் சூடு தானாக வரும். பாடி மேம்பாலத்துக்கும் எஸ்டேட்டுக்கும் நடுவே இரண்டாவது கியரில் ஊர்ந்தால் வராது. எரிய ஆரம்பிப்பதற்குள் ஆபீஸ் வந்துவிடும், இன்ஜினை அணைத்துவிடுவீர்கள். நாளைக்கும் இதே கதைதான். கடைசியில் டாஷ்போர்டில் விளக்கு எரியும், பிறகு சர்வீஸ் சென்டருக்கு அலைய வேண்டியதுதான்.

தினமும் நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் ஓட்டுபவராக இருந்தால் நானே டீசல் வாங்கச் சொல்லியிருப்பேன். உங்களுக்கு பெட்ரோல்தான்.

கேள்வி: 1.2 லிட்டர் டர்போவா, டர்போ இல்லாத 1.5 லிட்டரா? சின்ன இன்ஜின் திணறாதா? (வாசகர், திருச்சி)

சிசியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நெக்ஸானின் 1.2 டர்போ 170 நியூட்டன் மீட்டர் டார்க் தருகிறது, அதுவும் 1,750 ஆர்பிஎம்மிலேயே. கிரெட்டாவின் சாதா 1.5 பெட்ரோல் தருவது 144. அதுவும் 4,500 ஆர்பிஎம்முக்குப் போனால்தான் முழுசாகக் கிடைக்கும். விராலிமலை தாண்டி ஒரு லாரியை ஓவர்டேக் செய்யும்போது டர்போ கியர் இறக்காமலே பாயும். அதே டர்போ, தில்லைநகர் நெரிசலில் 1,500 ஆர்பிஎம்முக்குக் கீழே கொஞ்சம் சோம்பேறி. ஆக்ஸிலரேட்டரை மிதித்த பிறகு ஒரு மூச்சு யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். சாதா 1.5 இந்த இடத்தில் வெண்ணெய்.

டர்போ எடுத்தால் ஒரு கண்டிஷன்: ஆயில் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. டர்போவின் சுழலி நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும், அதைக் காப்பாற்றுவது அந்த மெல்லிய ஆயில் படலம்தான். மேனுவலில் சொன்ன கிரேடு, சொன்ன தேதி. நீண்ட தூரம் விரட்டி வந்து நிறுத்தினால் அரை நிமிஷம் ஐடிலில் விட்டு அணையுங்கள்.

கேள்வி: எல்லா கம்பெனியும் 3,995 மில்லிமீட்டரில் போய் நிற்கிறதே, ஏன்? (வாசகி, ஈரோடு)

வரி. 4 மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500 சிசிக்குள் இருந்தால் ஜிஎஸ்டி 18 சதவீதம். இதில் ஒன்று மீறினாலும் 40. இது 2025 செப்டம்பர் 22 முதல் உள்ள நிலவரம். பிரெஸாவும் 3,995 மில்லிமீட்டர்தான், ஆனால் இன்ஜின் 1,462 சிசி பெட்ரோல். அதனால் அது 40-க்குள் போய்விட்டது. நீளம் மட்டும் குறைந்தால் போதாது என்பதற்கு இதுவே சாட்சி. விலை 10 லட்சத்தைத் தாண்டினால் நம் ஊர் சாலை வரியும் 13-லிருந்து 18 சதவீதத்துக்குத் தாவும். எக்ஸ் ஷோரூம் விலையைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வராதீர்கள். ஆன்ரோடு விலையை எழுதி வாங்குங்கள்.

கேள்வி: மாதம் இரண்டு முறை வால்பாறை போவோம். ஐந்து பேர், லக்கேஜ் வேறு. ஆட்டோமேட்டிக் மலை ஏறுமா? எது வாங்கலாம்? (வாசகர், பொள்ளாச்சி)

ஏறும். ஆனால் எந்த ஆட்டோமேட்டிக் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஷோரூமில் நான்கையும் ‘ஆட்டோமேட்டிக் சார்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றும் வண்டியின் குணத்தைச் சொல்லும்.

ஏஎம்டி என்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சை உங்கள் காலுக்குப் பதில் ஒரு மோட்டார் அழுத்துகிறது. விலை குறைவு, மைலேஜ் நல்லது. ஆனால் வளைவில் என்ன நடக்கும் தெரியுமா? ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்திருக்கிறீர்கள், வேகம் விழுகிறது, இரண்டாவது கியர் தாங்கவில்லை. ஏஎம்டி முதல் கியருக்கு மாறும் அந்த நொடியில் சக்கரத்துக்கு இழுவையே கிடையாது. முன்பக்கம் தொங்கினாற்போல ஒரு தயக்கம். பின்னால் ஏறும் பஸ் ஹார்ன் அடிக்கும். இதற்கு வழி உண்டு: வளைவுக்கு முன்பே மேனுவல் மோடில் முதல் கியரைப் போட்டுவிட்டு ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள்.

டிசிடியில் இரண்டு கிளட்ச். கியர் மாறுவதே தெரியாது, நாற்கரச் சாலையில் ராஜா. ஆனால் ட்ரை கிளட்ச் வகையாக இருந்து, மலையில் டிராஃபிக் நின்று நின்று நகர்ந்தால், ஏற்றத்தில் கிளட்ச் பாதி பிடித்தபடியே உரசிச் சூடாகும். சூடு ஏறினால் எச்சரிக்கை காட்டும். ஆக்ஸிலரேட்டரிலேயே வண்டியைத் தாங்கிப் பிடித்து நிற்காமல், பிரேக் மிதித்து நில்லுங்கள், முன்னால் இடம் விட்ட பிறகு நகருங்கள். சிவிடி வழுக்கிக்கொண்டு போகும், ஊருக்குள் சுகம். முழு பாரத்தோடு மலையில் அதன் சத்தம் காதைக் குடையும்.

உங்களுக்கு நான் சொல்வது டார்க் கன்வெர்ட்டர். ஓடும் மின்விசிறிக்கு எதிரே இன்னொரு மின்விசிறியை வைத்தால் அதுவும் சுழலுமே, அதுபோல எண்ணெய் வழியாகச் சக்தி போகிறது. உரசித் தேயும் கிளட்ச் புறப்படும் இடத்தில் இல்லை. நின்ற இடத்திலிருந்து ஏற்றத்தில் கிளம்பும்போது டார்க்கைக் கூட்டியும் தரும். பிரெஸா பெட்ரோலிலும், கியா சோனெட், கிரெட்டா டீசல்களிலும் இருப்பது 6 ஸ்பீடு டார்க் கன்வெர்ட்டர். ஐந்து பேர், லக்கேஜ், வால்பாறை என்றால் சோனெட் அல்லது கிரெட்டா டீசல் ஆட்டோமேட்டிக். கிரெட்டா டீசலின் 250 நியூட்டன் மீட்டர் டார்க்குக்கு அந்த மலை ஒரு பொருட்டே இல்லை. பொள்ளாச்சிக்கும் மலைக்கும் நடுவே ஓடும் ஓட்டத்தில் டிபிஎஃப்பும் சுத்தமாகிவிடும்.

இறக்கம்தான் முக்கியம். எந்தக் கியரில் ஏறினீர்களோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள். ஆட்டோமேட்டிக்கில் ‘டி’-யிலேயே விட்டுவிட்டு பிரேக்கை மட்டும் நம்பினால், பாதி மலையில் கருகிய வாடை வரும். அந்த வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். நியூட்ரலில் இறக்கி பெட்ரோல் மிச்சம் பிடிக்கவே பிடிக்காதீர்கள், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். மேலே ஏறுகிற வண்டிக்கு வழிவிடுங்கள்.

கேள்வி: ஹைபிரிட் லிட்டருக்கு 27.97 தருமாமே? (வாசகர், கோவை)

கிராண்ட் விடாராவின் ஸ்ட்ராங் ஹைபிரிடுக்கு கம்பெனி சொல்லும் எண் அது. ரோலர் மேல் வைத்து, வகுத்து வைத்த வேகத்தில் ஓட்டிப் பார்த்தது. காந்திபுரம் சிக்னல் அந்தச் சோதனையில் இல்லை. ஆனாலும் ஹைபிரிட் நெரிசலில்தான் ஜெயிக்கும். ஊர்ந்தால் மோட்டார் ஓடும், பிரேக் பிடித்தால் பேட்டரி ஏறும். அவிநாசி சாலையில் தினமும் மாட்டிக்கொள்பவர் தாராளமாக வாங்கலாம். நெடுஞ்சாலையிலேயே ஓடினால் கொடுத்த கூடுதல் விலை திரும்பி வரத் தாமதமாகும்.

உங்கள் காரின் உண்மையான மைலேஜ் தெரிய வேண்டுமா? டேங்கை நிரப்புங்கள், துப்பாக்கி தானாக ‘டக்’ என்று நின்றதும் போதும் என்று சொல்லுங்கள். ஓட்டிவிட்டு அதே பங்கில் அதே மாதிரி மறுபடி நிரப்பி, ஓடிய தூரத்தை லிட்டரால் வகுங்கள். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, அதனால் இ20 பெட்ரோலில் மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். டயர் காற்றை மாதம் ஒரு முறை, காலையில் வண்டி சூடாவதற்கு முன் பாருங்கள்.

கேள்வி: பிள்ளைகள் சன்ரூஃப் கேட்கிறார்கள். (வாசகி, மதுரை)

வானம் பார்க்க வாங்குங்கள், தலை நீட்ட அல்ல. சடன் பிரேக் போட்டால் நிற்கிற பிள்ளையைப் பிடிக்க எதுவும் இல்லை. அதே பணத்தில் ஆறு ஏர்பேக் உள்ள வேரியன்ட் கிடைத்தால் அதை எடுங்கள். 2023 அக்டோபர் முதல் நடக்கும் பாரத் என்கேப் சோதனையில் அந்த மாடல் பிள்ளைகள் பாதுகாப்புக்கு எத்தனை ஸ்டார் வாங்கியது என்று தனியாகக் கேளுங்கள்.

கேள்வி: கிரவுண்ட் கிளியரன்ஸ் 200 மில்லிமீட்டருக்கு மேல். வெள்ளத்தில் இறங்கலாம்தானே? (வாசகர், வேளச்சேரி)

கூடாது. 2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாமையும் பார்த்த ஊர் உங்களுடையது. காற்று உள்ளே போகும் வாய் பானட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எதிரே வரும் பஸ் எழுப்பும் ஒரு அலை போதும். தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் பண்ணவே கூடாது, தள்ளிக்கொண்டு போங்கள். இன்சூரன்ஸில் ‘இன்ஜின் புரொடெக்ட்’ தனியாகச் சேர்த்தால்தான் இந்தச் சேதத்துக்குப் பணம் வரும்.

கேள்வி: டெலிவரி எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? (வாசகர், நாகர்கோவில்)

பகல் வெளிச்சத்தில், ரிஜிஸ்டர் ஆவதற்கு முன் போய்ப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3225 என்றால் 2025-ன் 32-வது வாரம். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் படியுங்கள். சேஸி எண்ணை இன்வாய்ஸோடு ஒப்பிடுங்கள். நம்பர் விழுந்த பிறகு வண்டி உங்களுடையது, குறையும் உங்களுடையது. பார்த்து முடிக்கும்வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.