குட்டிச் செருப்பு மகாராஜா

உலகத்தை வளைத்துப் போட்ட ரோமானியர்களுக்கு ஒரு வியாதி. கையில் கிடைத்ததை எல்லாம் குட்டியாக்கிக் கொஞ்சாவிட்டால் தூக்கம் வராது. இலத்தீனில் அதற்கு வசதியும் இருந்தது. ஆண்பால் சொல்லின் வாலில் ‘உலுஸ்’, பெண்பாலுக்கு ‘உலா’, இரண்டிலும் சேராததற்கு ‘உலும்’. முன்னால் உயிரெழுத்து நின்றால் ‘உலா’ போய் ‘ஓலா’ வரும். மேடையில் எதிரியைக் கிழித்துத் தோரணம் கட்டிய சிசரோ, கடிதத்தில் மகள் துல்லியாவைத் ‘துல்லியோலா’ என்று கொஞ்சியது இந்தக் கணக்கில்தான். சில சொற்களுக்குக் ‘குலுஸ்’. எலி ‘மூஸ்’, சுண்டெலி ‘மூஸ்குலுஸ்’. தோலுக்கடியில் எலி புரள்வதுபோல் தெரிந்ததோ என்னவோ, தசைக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். ஜிம்முக்குப் போய் ‘மஸில்’ ஏற்றுகிறவர்கள் ஏற்றுவது சுண்டெலியைத்தான்.

கொஞ்சல் வீட்டோடு நின்றிருந்தால் வம்பில்லை. கி.பி. 12-இல் தளபதி ஜெர்மானிக்கஸுக்கு ஒரு பிள்ளை பிறந்தது. பெயர் கையுஸ். ரைன் நதிக்கரைப் பாசறையில் அம்மா அக்ரிப்பினா அவனுக்குச் சிப்பாய் வேஷம் கட்டி, ஊர்வலம்போலத் தூக்கித் திரிந்தாள். காலில் சிப்பாய்கள் போடும் ஆணியடித்த செருப்பு. அதற்குப் பெயர் ‘கலிகா’. படையினர் வாலை ஒட்டினார்கள்: கலிகுலா, குட்டிச் செருப்பு. தாய்ச்சொல் எந்தப் பாலோ குட்டியும் அதே பால் என்பது இலக்கணம். செருப்பு பெண்பால், ஆகவே ஆண்பிள்ளைக்குப் பெண்பால் வால். இலக்கணத்துக்கு ஏது இங்கிதம்!

37-இல் பிள்ளை பேரரசன் ஆனான். பட்டம் வந்தும் பட்டப்பெயர் போகவில்லை. முன்னாள் படைத்தலைவர் ஒருவர் ‘கலிகுலா’ என்று சொல்லப்போய்த் தண்டனை வாங்கிக்கொண்டதாகத் தத்துவஞானி செனெக்கா எழுதுகிறார். சரி, ‘கையுஸ்’ என்று கூப்பிடலாமென்றால் அதற்கும் கோபம். பின்னே எப்படித்தான் கூப்பிடுவதாம்? இவ்வளவு ரோஷக்காரர் அடுத்தவனைச் சீண்டுவதில் மட்டும் குறைவைக்கவில்லை. காவற்படை அதிகாரி கேரியா வந்து அன்றைய அடையாளச் சொல்லைக் கேட்டால், அவன் ஆண்மையைக் குத்திக்காட்டும்படி காதல் தேவதை ‘வீனஸ்’ பெயரைக் கொடுத்தனுப்புவார். 41-இல் கேரியா வாளோடு வந்து கணக்கைத் தீர்த்தான்.

475-இல் இன்னொரு பையன். தளபதி ஒரெஸ்டீஸ் தன் மகனை அரியணையில் ஏற்றினார். பெயர் ரோமுலுஸ் அகஸ்டஸ்: ஊரை நிறுவியவன் பெயரும் முதல் பேரரசன் பெயரும் ஒரே பொடியன் தலையில். ஜனங்கள் சும்மா இருப்பார்களா? ‘அகஸ்டுலுஸ்’ ஆக்கிவிட்டார்கள். மறுவருஷம் தளபதி ஓடோவக்கர் வந்து அப்பனைக் கொன்றான்; பையனின் வயதுக்கும் முகவெட்டுக்கும் இரங்கி, 6,000 பொற்காசு உதவித்தொகையோடு கம்பானியாவுக்கு அனுப்பிவைத்தான். குட்டிப்பெயரால் உயிர் பிழைத்த ஒரே பேரரசன் என்று இவனைச் சொல்லத் தோன்றுகிறது. சரித்திர ஆசிரியர்கள் ஒப்பமாட்டார்கள்.

ஆட்சி கவிழ்ந்தது, வால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. பெயர் தெரியாத ஒரு வாத்தியார் பேச்சு இலத்தீனின் 227 பிழைகளைப் பட்டியலிட்டு, காதை ‘அவுரிஸ்’ என்று சொல்லுங்கள், ‘ஒரிக்லா’ என்காதீர்கள் என்று மன்றாடினார். ‘ஒரிக்லா’ என்றால் குட்டிக்காது. யார் கேட்டார்கள்? பிரெஞ்சு, இத்தாலி, ஸ்பானியம் மூன்றிலும் இன்றைக்குக் காது என்பது அந்தக் குட்டிக்காதின் வாரிசுதான். சூரியனையும் விடவில்லை. ‘சோல்’ என்ற பெரிய சூரியனைக் குட்டியாக்கி, அதைத் தேய்த்துத்தான் பிரெஞ்சுக்காரர்கள் ‘சொலேய்’ செய்தார்கள். வெர்சாயில் அரண்மனை கட்டி, ‘சூரிய ராஜா’ என்று 14-ஆம் லூயி மார்தட்டியது இந்தச் சொல்லை வைத்துத்தான். 72 வருஷ ஆட்சியில் ‘மகாராஜா, அது குட்டிச் சூரியன்’ என்று சொல்ல ஓர் இலத்தீன் வாத்தியாருக்கும் துணிச்சல் வரவில்லை போலும்.