லட்சாதிபதி

பெட்ரோல் பங்கில் பின்னால் நிற்கும் பைக்காரர் பேச்சுக்குக் கேட்பார்: "என்ன சார், மைலேஜ் எவ்வளவு கிடைக்குது?" நம் ஊரில் அந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர். எங்கள் தெரு சார் மட்டும் நெஞ்சை நிமிர்த்தி, "மூணு லட்சத்து அம்பத்தேழாயிரத்து முந்நூறு" என்பார். கேட்டவர் சாரை ஒரு தடவை பார்ப்பார், காரை ஒரு தடவை பார்ப்பார், பிறகு பைக்கை உருட்டிக்கொண்டு மெல்லப் பக்கத்து வரிசைக்குப் போய்விடுவார்.

இப்படிப்பட்ட லட்சாதிபதிகள் ஊருக்கு நாலு பேராவது உண்டு. லட்சம் பணத்தில் அல்ல, ஓட்டத்தில். இவர்களை விண்டேஜ் கார் வைத்திருப்பவர்களோடு சேர்த்துவிடக் கூடாது. விண்டேஜ்காரர் வண்டிக்குப் பாலிஷ் போட்டு, வருஷத்துக்கு ஒரு நாள் ஊர்வலம் விட்டு, மறுபடி போர்வை போர்த்திவிடுவார். லட்சாதிபதிக்கு அதைக் கேட்டாலே எரிச்சல் வரும். ஓடாத வண்டி அவரைப் பொறுத்தவரை சக்கரம் வைத்த பீரோ.

எங்கள் சார் திருச்சியில், மின்வாரியத்தில் முப்பது வருஷம் மீட்டர் கணக்கு பார்த்து ஓய்வு பெற்றவர். வண்டி 1998இல் வாங்கிய மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சிசி, 12 அங்குலச் சக்கரம். வாங்கும்போது வெள்ளை நிறம். இப்போது தயிர் நிறம், அதுவும் நேற்றைய தயிர்.

முன்சீட்டுக்கு எதிரே உள்ள பெட்டியில் ஒரு நீளவாக்கு நோட்டு இருக்கும். இது ஏழாவது நோட்டு. தேதி, மீட்டர் ரீடிங், பெட்ரோல், ஆயில், பஞ்சர் எல்லாம் நீல மையில் எழுதியிருக்கும். துக்கச் செய்திகளுக்குச் சிவப்பு மை. "2014 ஜனவரி 18: 800 உற்பத்தி நிறுத்தம்" என்று சிவப்பில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார். அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை என்று டீச்சரம்மா, அதாவது அவர் மனைவி, சொன்னதுண்டு.

ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாற்றுவார். இதுவரை எழுபத்தோரு தடவை. "ஒரு அறுநூறு எழுநூறு சேத்து ஓட்டினா என்ன சார்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். நின்றபடியே பாடம் ஆரம்பமானது. ராத்திரி முழுக்க நிற்கும் வண்டியில் ஆயில் எல்லாம் அடியில் இறங்கிவிடுமாம். காலையில் சாவி திருகியதும் முதல் சில நொடி இரும்பும் இரும்பும் வெறுமனே உரசுமாம். இன்ஜினுக்குத் தேய்மானம் நெடுந்தூரத்தில் இல்லை, தெருமுனைக் கடைக்குப் போய் வருவதில்தான் இருக்கிறதாம். "சென்னை போயிட்டு வந்தா இன்ஜின் சந்தோஷப்படும் தம்பி. கொத்தமல்லி வாங்கப் போனா செத்துப்போகும்." அதனால் கொத்தமல்லி வாங்க டீச்சரம்மா நடந்துதான் போகிறார்.

டிப்ஸ்டிக்கை உருவி, விரல் நுனியில் ஆயிலைத் தொட்டு, தேய்த்து, முகர்ந்து, வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பார். கல்யாண வீட்டுச் சமையல்காரர் பாகு பதம் பார்ப்பது போல இருக்கும். "இவர் பிபி பாத்து மூணு வருஷம் ஆச்சு. அந்த ஆயிலுக்கு மட்டும் வாரம் ஒரு டெஸ்ட்" என்று டீச்சரம்மா உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். சாரின் காதில் இன்ஜின் சத்தம் மட்டுமே விழும்.

டைமிங் பெல்ட்டை நாற்பதாயிரத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுவார். "இன்னும் பத்தாயிரம் ஓடும் சார்" என்பார் மெக்கானிக் பாய். "ஓடும் பாய். அறுந்தா நீங்களா தள்ளிட்டு வருவீங்க?" என்பார் சார். கழற்றிய எட்டு பெல்ட்டுகளும் கொல்லையில் ஆணியில் தொங்குகின்றன. அதில் ஒன்றைக் கொண்டு டீச்சரம்மா சாய்ந்த முருங்கையை இழுத்துக் கட்டியிருக்கிறார். பெல்ட் மரத்திலும் நன்றாகத்தான் உழைக்கிறது.

இந்த வண்டியில் ஏறுவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். உடம்பு பெருத்தவர்கள் பின்சீட்டின் நடுவில். கிளட்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிறவனிடம் சாவி கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே கதவு. "ஃபிரிட்ஜ் கதவு மாதிரி சாத்தணும். கடை ஷட்டர் மாதிரி இழுக்கக் கூடாது." மாப்பிள்ளை பெண் பார்க்க வந்த அன்று கதவை ஷட்டர் மாதிரி சாத்தினார். ஜாதகம் பொருந்தியதால் கல்யாணம் நடந்துவிட்டது. ஆனால் பதினான்கு வருஷமாகியும் அவருக்குக் கதவைத் திறந்து, மூடி விடுவது மாமனார்தான். ஊரெல்லாம் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

சென்னையில் சொந்தக்காரர் கல்யாணம் என்றால் சாருக்கு அது புதுப்பேட்டைப் பயணம். தாலி கட்டி முடிந்ததும் பட்டு வேட்டியோடு பழைய ஸ்பேர் கடைகளுக்குள் புகுந்துவிடுவார். பந்தி முடிகிற நேரத்துக்கு, தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பக்கத்தில் ஒரு கார்புரேட்டரோடு திரும்புவார். இத்தனை மாற்றியபின் பழைய வண்டியில் என்னதான் மிச்சம் என்று பாயைக் கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். பாடி, அதிலும் கால் வைக்கிற இடம் புதுத் தகரம். இன்ஜின் பிளாக், அதையும் ஒரு தடவை போர் போட்டாயிற்று. ஸ்டீயரிங். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்புறம் சார்தான்" என்றார்.

சாருக்கு இரண்டு பேர் ஆதர்சம். ஒருவர் டெல்லி ஹர்பால் சிங். 1983 டிசம்பரில் முதல் மாருதி 800இன் சாவியை இந்திரா காந்தி கையால் வாங்கியவர், 2010இல் கண்ணை மூடும்வரை அதை விற்கவில்லை. இன்னொருவர் அமெரிக்க வாத்தியார் இர்வ் கார்டன். 1966இல் வாங்கிய ஒரே வால்வோவில் 2013இல் முப்பது லட்சம் மைலைத் தொட்டவர். கிலோமீட்டரில் நாற்பத்தெட்டு லட்சம். அந்தக் கணக்கைச் சொல்லும்போது மட்டும் சார் குரல் கம்மும். "அங்க ரோடு நல்லாருக்கும்" என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொள்வார்.

எதிரிகளும் உண்டு. 2018இல் 600 ரூபாய் கட்டிப் புதுப்பித்த ஆர்.சி.க்கு 2023இல் 5,000 ரூபாய் கேட்டார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால் கலந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. "கரும்பை ஊத்தறாங்க தம்பி. இது என்ன பொங்கலா?" என்று பொருமிவிட்டு, பெட்ரோல் போகும் ரப்பர் ஹோஸ் அத்தனையும் மாற்றினார்.

இப்போது அவர் போய்க்கொண்டிருப்பது நிலாவுக்கு. பூமியிலிருந்து நிலா சராசரியாக 3,84,400 கிலோமீட்டர். பாக்கி 27,100. ஆர்.சி. 2028 வரை செல்லும். அதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பதற்காக யார் எங்கே கூப்பிட்டாலும் போகிறார். அறிமுகமே இல்லாத காதுகுத்துகளில்கூட மொய் எழுதியிருக்கிறார்.

இந்தப் புண்ணிய யாத்திரையில் பாவம் செய்தவன் நான்.

போன வருஷம் மூன்று மாதம் மகள் வீட்டுக்கு அமெரிக்கா போனார்கள். நின்றால் பேட்டரி இறங்கும், ரப்பர் காயும். வாரம் இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் பத்து கிலோமீட்டர் ஓட்ட வேண்டும் என்று சாவியை என்னிடம் கொடுத்தார். பெட்ரோல் பில்லைப் பத்திரமாக வைத்தால் பணம் தருவதாகவும் சொன்னார். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அவர்கள் திரும்ப இரண்டு வாரம் இருக்கும்போது ஸ்பீடோமீட்டர் கேபிள் அறுந்தது. முள் படுத்துவிட்டது, எண்கள் நின்றுவிட்டன. உடனே பாயிடம் போயிருக்க வேண்டும். ஆனால் மீட்டர் ஓடாத கார் கையில் கிடைத்தால் மனுஷ புத்தி எங்கே போகும்? குடும்பத்தோடு தஞ்சாவூர் போய் வந்தோம். சமயபுரத்துக்கு இரண்டு தடவை. கதவைக்கூட இஷ்டத்துக்குச் சாத்தினோம்.

டாக்சியிலிருந்து இறங்கிய சார் வீட்டுக்குள் போகவில்லை, காருக்குள் போனார். வெளியே வந்தபோது முகம் மாறியிருந்தது. "கேபிள் அறுந்தது போகட்டும். பில்லைக் கொடு."

பணம் வருமே என்ற ஆசையில் பன்னிரண்டு லிட்டருக்கான பில்லை நீட்டினேன். லிட்டருக்குப் பதினெட்டு. இருநூற்றுப் பதினாறு. "இரண்டு வாரத்துக்கு நான் சொன்னது நாப்பது. மீதி நூத்து எழுபத்தாறு எங்க?" மீட்டர் ஓடவில்லை, ஆனால் கரன்ட் செலவாகியிருக்கிறது. முப்பது வருஷம் அவர் பிடித்த திருட்டே இதுதான். தஞ்சாவூர் என்று ஒப்புக்கொண்டேன்.

போனதற்கு அவர் கோபப்படவில்லை. ஓடிய கிலோமீட்டர் மீட்டரில் ஏறவில்லையே என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. நோட்டின் சரித்திரத்தில் முதல் தடவையாகப் பென்சிலில் "216" என்று எழுதி, பக்கத்தில் என்னிடம் கையெழுத்து வாங்கினார். பாய் ஆறுதல் சொன்னார்: "மீட்டரைப் பின்னாடி சுத்தித் தரச் சொல்லி வாராவாரம் எவனாவது வந்து நிக்கிறான் சார், நான் தொரத்தி விடறேன். நீங்க முன்னாடிதானே சுத்தணும், அதுல என்ன தப்பு?" சார் காதைப் பொத்திக்கொண்டார். "மீட்டர்ல கை வைக்கறது கிரிமினல் கேஸ் பாய்."

அப்படியானால் நிலா எப்போது வரும்? உண்மை ஓட்டப்படி மீட்டர் 3,84,184 காட்டும்போதே வந்துவிடும். மீட்டர்படி 3,84,400இல்தான். இரண்டு ராத்திரி யோசித்துவிட்டு மூன்றாம் நாள் காலை என் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தார்.

"ரெண்டு இடத்துலயும் தேங்காய் உடைச்சிடறதுன்னு முடிவு பண்ணிட்டேன் தம்பி."

"நல்லது சார்."

"ரெண்டு தேங்காய்க்கும் நடுவுல 216 இருக்கு. அதுக்குப் பெட்ரோல் உன்னோடது."