பதினைந்து வயசுக்கு என்ன புத்தகம்?

பிளஸ் ஒன் மாணவர், அன்னனூர்: இங்கிலீஷில் ‘யங் அடல்ட்’ நாவலுக்குத் தனி அலமாரியே இருக்கிறது. தமிழில் ஏன் இல்லை?

அலமாரிதான் இல்லை, சரக்கு இருக்கிறது. அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ 1977இல் வந்த நாவல். செகந்திராபாத், ரயில்வே ஊழியர் மகன், கிரிக்கெட் பைத்தியம். நிஜாம் ராஜ்யம் கவிழ்கிற கலவரம் அவன் தெருவுக்கே வந்துவிடுகிறது. லேபிள் ஒட்டாததால் பெரியவர்கள் தங்கள் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார்கள். பிடுங்கு, தம்பி!

இல்லத்தரசி, அம்பத்தூர் ஓ.டி.: மகள் பத்தாம் வகுப்பு. பாடப் புத்தகத்துக்குள் நாவலை வைத்துப் படிக்கிறாள். கண்டிக்கலாமா?

ஒரு காலை, ஆவடி லோக்கலில் எதிர் சீட்டில் ஒரு பையன். மடியில் பை, பை மேல் புத்தகம், அடுத்த பக்கத்தைப் புரட்ட விரல் நுனி ஓரத்தில் தயாராக இருந்தது. வில்லிவாக்கத்தில் தலையைத் தூக்கி, “ஐயோ, கொரட்டூர் போயிடுச்சா?” என்றான். அந்தக் கவனத்தை எந்த டியூஷன் சென்டரும் மாதக் கட்டணத்துக்குத் தராது. மகளுக்கு ஒரு டீ போட்டுக் கொடுங்கள்.

கல்லூரி மாணவர், பட்டாபிராம்: ‘அசுரன்’ படம் பார்த்தாச்சு. ‘வெக்கை’யும் படிக்கணுமா?

படத்தில் அப்பாதான் நாயகன். பூமணி 1982இல் எழுதிய மூல நாவலில் 15 வயசுச் சிதம்பரம் உன்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவான். அவனோடு ஒளிவாய், அவனோடு பசிப்பாய். படத்துக்கு இடைவேளை உண்டு. வெக்கைக்குக் கிடையாது.

ஒன்பதாம் வகுப்பு மாணவி, அம்பத்தூர்: எங்கள் ஏரியா பெயர் கருக்கு. அந்தப் பெயரில் புத்தகம் இருக்கிறதாமே?

இருக்கிறது. பாமா எழுதி 1992இல் வந்தது, அவருடைய சொந்த வாழ்க்கை. பலகாரப் பொட்டலத்தில் கை படாமல் நூலைப் பிடித்துத் தூக்கிவரும் பெரியவரைப் பார்த்து ஒரு சின்னப் பெண் சிரிப்பாள். காரணம் ஜாதி என்று தெரிந்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். பனைமட்டையின் ஓரத்து ரம்பப் பல்லுக்குப் பெயர்தான் கருக்கு. படித்துப் பார், கீறும்.

தந்தை, திருமுல்லைவாயல்: மகன் போனைக் கீழே வைப்பதே இல்லை. எதில் ஆரம்பிக்கலாம்?

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. அதில் ஜீனோ என்று ஓர் இயந்திர நாய். சர்வாதிகார அரசை எதிர்த்து நிலா என்ற பெண்ணுக்குத் துணை நிற்கும், குறும்பு பேசும், புத்தகமும் படிக்கும். மெஷினே படிக்கிறது, மெஷினைப் பிடித்திருப்பவன் படிக்க மாட்டானா?

தாய், காட்டுப்பாக்கம்: தொடுதல், தொல்லை என்று பேசும் கதைகளைப் பிள்ளைகளிடம் கொடுக்கப் பயமாக இருக்கிறது.

கொடுக்காமல் இருக்கத்தான் பயப்பட வேண்டும், தாயே. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ நாவலில் ஒரு மரப்பாச்சி பொம்மை, நடந்ததை வெளியே சொல்லச் சிறுமிக்குத் தைரியம் தருகிறது. 2020இல் சாகித்திய அகாடமியின் பால சாகித்திய புரஸ்கார் வாங்கிய புத்தகம். பொம்மை பேசிவிட்டது. அடுத்து நாம் பேச வேண்டும்.

எட்டாம் வகுப்பு மாணவர், ஆவடி: ஸ்கூல் என்றாலே கடுப்பு. அதற்கு ஒரு புத்தகம்?

‘டோட்டோ சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’. முதல் வகுப்பிலேயே பள்ளியை விட்டு அனுப்பப்பட்டவள், டோக்கியோவில் வேறொரு பள்ளியில் சேர்கிறாள். அங்கே பழைய ரயில்பெட்டிகள்தான் வகுப்பறை. தெத்சுகோ குரோயாநாகி எழுதிய சொந்தக் கதை, ஜப்பானில் 1981இல் வந்தது, தமிழிலும் உண்டு. ரயில் ஓடாது. ஆனால் ஒருத்தருக்கும் இறங்க மனசு வராது.

ஓய்வுபெற்றவர், கொரட்டூர்: புத்தகம் விற்கிற விலையில் பேரனுக்கு எப்படி வாங்கித் தருவது?

ஏற்கெனவே காசு கட்டிவிட்டீர்கள் ஐயா. சொத்து வரி ரசீதைப் பாருங்கள், நூலக வரி 10 சதவீதம். 1948இல் வந்த பொது நூலகச் சட்டம் நமக்குத் தந்த சொத்து அது. கட்டிய காசுக்குப் பேரனை நூலகத்துக்கு அழைத்துப்போய் உறுப்பினர் ஆக்குங்கள். வரியைத் திரும்ப வாங்க இதைவிட நேர்மையான வழி கிடையாது.

மாணவர், பூந்தமல்லி: பார்வையற்ற நண்பனுக்குக் கதைப் புத்தகம் எங்கே கிடைக்கும்?

உன் ஊரிலேயே விசாரி. பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளியும் பூந்தமல்லியில்தான், பிரெய்ல் அச்சகமும் அங்கேதான். ராத்திரி போர்வைக்குள் படிக்க உனக்கு டார்ச் வேண்டும். அவனுக்கு விரல் போதும்.

பிளஸ் டூ மாணவி, பாடி: நானே நாவல் எழுதலாமா? வயசு பத்தாது என்கிறார்கள்.

அமெரிக்காவின் எஸ். இ. ஹின்டன் ‘தி அவுட்சைடர்ஸ்’ நாவலை 15 வயசில் எழுதத் தொடங்கினார். 1967இல் அது அச்சானபோது அவருக்கு 18. இன்றைய இளையோர் நாவலுக்கு வழி போட்டதே அதுதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்து வரும் அம்மாவை, ஆவடி டாங்க் ஃபாக்டரி குவார்ட்டர்ஸ் மாடியை, உன்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? எழுது, முதல் பிரதி எனக்கு.

ஆசிரியை, குமணன்சாவடி: பிள்ளைகளைப் படிக்கவைக்க ஒரே ஒரு யோசனை?

‘படி’ என்று சொல்லாதீர்கள் டீச்சர். நீங்கள் ரசித்துப் படிக்கும் நாவலைப் பாதியில் கவிழ்த்து மேஜையில் விட்டுவிட்டு வெளியே போங்கள். திரும்பி வரும்போது புத்தகம் அங்கே இல்லையென்றால், தேடாதீர்கள்.