ஃப்ரேம்வொர்க் என்னம்மா?

பொதுக்கொள்கை, அரசியல் பொருளாதாரம் என்று பேனர் கட்டி, முனைவர் பட்ட மாணவர்களைத் திரட்டி நடத்துகிற ஒர்க்‌ஷாப்புகளைப் பற்றி உருப்படியாக ஒரு யோசனை சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் போன சனிக்கிழமை அப்படி ஒன்றில் வந்த கோபத்தைத்தான் கொட்ட முடிகிறது.

குத்துவிளக்கு, பொன்னாடை, சிறப்பு விருந்தினர் தெருவிளக்கில் படித்த கதை எல்லாம் முடியவே பதினொன்றரை. ஆய்வாளருக்கு ஏழு நிமிடம்.

ஒரு பெண் ரேஷன் கடைகளைப் பற்றிப் பேசினார். 1997இல் மத்திய அரசு வறுமைக்கோட்டுக்கு மேலே, கீழே என்று கார்டுகளைப் பிரித்தபோது, தமிழ்நாடு ஏன் எல்லோருக்கும் அரிசி என்றே நின்றது? நல்ல கேள்வி. கைரேகை விழாத பாட்டியிடம், விரலைச் சேலையில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்லும் விற்பனையாளர்வரை பார்த்து எழுதியிருந்தார்.

மேடையில் இருந்த பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். “எல்லாம் சரிம்மா. தியரிட்டிக்கல் ஃப்ரேம்வொர்க் என்ன?”

இந்தக் கேள்விக்குத் தப்பியவர் உண்டா? அமர்த்தியா சென் என்றால், “அது பஞ்சத்துக்கு; போலன்யி பார்த்தீங்களா?” போலன்யி என்றால், “1944ல வந்த புத்தகம்மா, புதுசா யாருமில்லையா?” அசெமோக்லு என்றால், “2024ல நோபல் வாங்கினவுடனே எல்லாரும் அவரையே பிடிச்சிக்கிறீங்க.” மார்க்ஸ் என்றால் ஒரு சிரிப்பு. ஃபூக்கோ என்றால், “டேட்டா எங்கே?” டேட்டாவைக் காட்டினால், “தியரி எங்கே?” இரண்டையும் காட்டினால், “ரொம்ப ஆம்பிஷியஸா இருக்கே.” ஏரிப் பாசனக்காரருக்கும் இதுதான், மகளிர் இலவசப் பேருந்துக்காரருக்கும் இதுதான். மதியம் சாம்பாரில் உப்பில்லை என்று யாரோ சொன்னபோதுகூட அவர் கண்ணாடியைக் கழற்றினார். நான் தட்டோடு நகர்ந்துவிட்டேன்.

கடைசியில் ‘எலினார் ஆஸ்ட்ரம் படிங்க’ என்று உத்தரவாயிற்று. படிக்கட்டும். தெற்குக் கலிபோர்னியாவில் நிலத்தடி நீரை யார் யார் உறிஞ்சினார்கள், எப்படிச் சமாதானமானார்கள் என்று கிட்டப்போய்ப் பார்த்துத்தான் 1965இல் அந்த அம்மா டாக்டர் பட்டம் வாங்கினார். கணவரோடு சேர்ந்து 1973இல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஒர்க்‌ஷாப் என்ற பெயரிலேயே ஒரு ஆய்வு மையம் தொடங்கினார். 2009இல் நோபல். நம் ஊருக்கு வந்து அந்தத் தண்ணீர் கதையைப் படித்திருந்தால் ஏழாவது நிமிடம் மணியடித்து, “போலன்யி பார்த்தீங்களாம்மா?” என்றிருப்பார்கள்.

இதற்கெல்லாம் பிள்ளைகள் ஏன் ராத்திரி பஸ் பிடித்து வருகிறார்கள்? தீசிஸ் கொடுக்கும் முன் கருத்தரங்குகளில் இரண்டு கட்டுரை வாசித்திருக்க வேண்டும் என்று யுஜிசி 2016இல் விதி வைத்திருந்தது. 2022இல் அதை எடுத்தும்விட்டது. சர்டிபிகேட் கோப்பு மட்டும் பருத்துக்கொண்டே போகிறது. நேர்காணலில் அதைத்தானே புரட்டுகிறார்கள், தீசிஸையா புரட்டுகிறார்கள்?

சாயங்காலம் கருத்துப் படிவம் வந்தது. மிகச் சிறப்பு, சிறப்பு, நன்று என்று மூன்றே கட்டம். நான்காவதாக ஒன்று வரைந்து டிக் அடித்துக் கொடுத்தேன். ஒருங்கிணைப்பாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சார், இது நாக் கமிட்டி பார்க்கிற ஃபைல். வேற ஃபார்ம் தரேன், நல்லதா ஒண்ணு போட்டுடுங்க.”