விசேஷம் ஏதாவது உண்டா?

சந்தவாசலில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணமான மறுமாதமே விசாரணைக் கமிஷன் உட்கார்ந்துவிடும். படவேட்டுக்குப் பஸ் பிடிக்க நிற்கும் கிழவி கேட்பாள். தறிக்குப் பாவு பிணைக்க வந்தவர் கேட்பார். "என்னம்மா, விசேஷம் ஏதாவது உண்டா?" அவள் வயிற்றின் மேல் ஊருக்கு அத்தனை அக்கறை.

அதே பெண்ணுக்கு மார்பில் கட்டி வரட்டும். காரப்பேட்டையோ வேலூரோ அடையாறோ, ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் கீமோவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. ஒருத்தராவது வாயைத் திறந்து, "டாக்டர், இவளுக்குப் பிறகு குழந்தை பிறக்குமா?" என்று கேட்க வேண்டுமே! கமிஷன் மொத்தமும் ஊமையாகிவிடும். இந்த நேரத்தில் அதையெல்லாம் கேட்பது அநாகரிகமாம்.

மருத்துவமனை மட்டும் சளைத்ததா? "முடி கொட்டும்மா, கவலைப்படாதே, திரும்ப முளைக்கும்." முளைக்கப்போகும் முடிக்கு முன்னெச்சரிக்கை உண்டு. சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்து தின்றுவிட்டுப் போகும் சினைமுட்டை ஒன்றுகூட மறுபடி முளைக்காது. அதைப் பற்றிப் பெரும்பாலும் பேச்சே கிடையாது. (உட்கார வைத்துச் சொல்லும் டாக்டர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் படுவது அவளுடைய ஜாதகத்தைப் பொறுத்தது.)

இது ஒன்றும் சிதம்பர ரகசியமல்ல. சிகிச்சை தொடங்கும் முன்பே நோயாளியிடம் இதைப் பேசுங்கள் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2006இலேயே எழுதி வைத்தது. பெல்ஜியத்தில் ஒரு பெண்ணுக்கு 1997இல் கீமோவுக்கு முன் எடுத்து உறைய வைத்த சூலகத் திசுவைப் பிற்பாடு திரும்பப் பொருத்தினார்கள்; 2004இல் அவள் ஒரு மகளைப் பெற்றெடுத்தாள். முட்டைகளைச் சேமிக்க இரண்டு வார ஊசி போதும். மாதவிலக்குக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. மார்பகப் புற்றென்றால் ஈஸ்ட்ரோஜன் எகிறாமலிருக்கக் கூடவே லெட்ரோசோல் மாத்திரை. அப்புறம் மைனஸ் 196 டிகிரி நைட்ரஜனில் முட்டைகள் பத்திரமாகத் தூங்கும்.

பணம்? லட்சத்தைத் தாண்டும். காப்பீட்டுக் கம்பெனியிடம் போனால் பெரும்பாலான பாலிசிகளில் விலக்கு எண் 17-ஐக் காட்டுவார்கள்: மலட்டுத்தன்மைக்குப் பணம் கிடையாது. மலடாக்குகிற மருந்துக்குப் பில் பாஸாகும். மலடாகாமலிருக்கப் போடும் ஊசிக்கு ஆகாது. இந்த வாசகத்தை எழுதிய மகானுக்குச் சிலை வைக்கலாம்.

2021ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டமோ, 21 வயதைத் தாண்டிய பெண்ணுக்குத்தான் இந்தச் சேவை என்கிறது. ஆகவே 19 வயதில் நிணநீர்ப் புற்று வந்த ஆரணிக் கல்லூரி மாணவியே, தயவுசெய்து நோயை இரண்டு வருஷம் ஒத்திப்போடு. அவசரமென்றால் தாலி கட்டிக்கொள், அதற்கு 18 போதும்.

நம் சந்தவாசல் பெண் பிழைத்து வருவாள். வந்து தறியிலும் உட்காருவாள். "புருஷன் பாவம், வாரிசு வேண்டாமா?" என்று சொந்தக்காரர்கள் அவனுக்கு வேறு பெண் பார்த்து, முகூர்த்தப் பட்டெடுக்கவும் கிளம்புவார்கள். எடுக்கட்டும். அது அவள் நெய்த சேலையாக இருந்தால், கூலியையாவது பேரம் பேசாமல் கொடுத்துத் தொலைக்கட்டும்.