ஆஸ்தான விருந்தாளி

பார்படோஸ் தீவின் தென்கரையில் இருபது அறைக்கு மேல் இல்லாத கடலோர ஓட்டல் எதில் போய் இறங்கினாலும், உங்களுக்கு முன்பே ஒருவர் அங்கே உட்கார்ந்திருப்பார். வயது எழுபதுக்கு மேல். இங்கிலாந்திலோ கனடாவிலோ குளிர் தொடங்கியதும் கிளம்பி வந்து, ஏப்ரலில் மனமில்லாமல் திரும்புகிறவர். சாயம் போன அரைக்கால் சட்டை, வெயிலில் வெந்து சிவந்த முழங்கால். வரவேற்பு மேசையில் நீங்கள் மணியைத் தட்டித் தட்டிக் களைத்த பிறகு, பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வருவார்.

"மணியைத் தட்டாதீங்க. தட்டினா அந்தம்மா வரமாட்டாங்க. உள்ளே பார்த்து ஒரு குட்மார்னிங் சொல்லுங்க."

சொன்னால் வருகிறார்! கடையானாலும் பஸ்ஸானாலும் முதலில் வணக்கம், அப்புறம்தான் காரியம் என்பது அந்தத் தீவின் மரியாதை. இதைக் கற்றுக்கொண்ட நிமிடத்திலிருந்து நீங்கள் அவருடைய சிஷ்யர். தப்ப முடியாது.

துண்டு வேண்டுமானால் ஆபீசில் கேட்கக் கூடாது, தோட்டக்காரரைப் பிடிக்க வேண்டும். தண்டில் சிவப்புப் பட்டை அடித்த மாஞ்சினீல் மரத்தடியில் மழைக்கு ஒதுங்கக் கூடாது, சொட்டுகிற பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். வெந்நீர் கூரை மேல் இருக்கும் சூரிய ஹீட்டரிலிருந்து வருவது. காலையில் முதலில் எழுந்தவர் குளித்துத் தீர்த்துவிடுவார். அந்த முதல் ஆள் தாம்தான் என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

காலைச் சாப்பாட்டு நேரத்தில்தான் அவரை முழுமையாகப் பார்க்க வேண்டும். முட்டைக்குச் சொல்லி முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். சாம்பல் பழுப்பில் ஒரு குருவி, உலகத்தில் பார்படோஸில் மட்டுமே வாழும் ஜாதி, மேசையில் இறங்கி, சர்க்கரைப் பொட்டலத்தைக் கொத்திக் கிழித்துத் தின்றுவிட்டுப் போகும். "கவனிச்சீங்களா? இந்த ஓட்டல்ல நேரத்துக்குச் சாப்பிடறது இது ஒண்ணுதான்" என்பார். கென்சிங்டன் ஓவல் மைதானத்தில் கிரிக்கெட் டெஸ்ட் நடக்கிற நாளாக இருந்துவிட்டால் சமையலறை மொத்தமும் ரேடியோவைச் சுற்றி நிற்கும். சோபர்ஸ் பிறந்த மண், வேறென்ன செய்வார்கள்? அன்றைக்கு ஆட்டத்தில் தேநீர் இடைவேளை விட்டால்தான் நமக்கும் தேநீர்.

சாயங்காலம் பாருக்குப் போனால் வேறு உலகம். அங்கே ரம் பஞ்ச்: எலுமிச்சை ஒரு பங்கு, சர்க்கரைப் பாகு இரண்டு, ரம் மூன்று, தண்ணீர் நான்கு; மேலே துருவிய ஜாதிக்காய். எத்தனை கூட்டமானாலும் கலக்குகிறவர் கை பிசகாது, கேட்குமுன் கோப்பை வரும். அடுப்படிக்கும் அந்த இடத்துக்கும் பத்தடி தூரம்கூட இல்லை. சின்ன ஓட்டலில் சேவை என்பது ஆளைப் பொறுத்தது, முறையைப் பொறுத்தது அல்ல. எந்த ஆள், எந்த வேளை, என்ன மனநிலை என்ற பஞ்சாங்கம் முழுவதும் நம்மவருக்கு மனப்பாடம்.

ஊரிலிருந்து வரும்போதே பெட்டியில் ஸ்குரூ டிரைவர், வாஷர், இரண்டு பல்பு எடுத்து வருவார். ஒழுகும் குழாயைத் தாமே கழற்றி மாட்டிவிட்டு, குழாயைச் சரிசெய்ய நாதியில்லை என்று ஆபீசில் போய்ச் சண்டை போடுவார். பில்லில் பத்து சதவீதம் சேவைக் கட்டணம் பார்த்ததும் குரல் ஏறும். அப்புறம் யாரும் பார்க்காதபோது தோட்டக்காரர் கையில் நூறு பார்படோஸ் டாலரைத் திணிப்பார், அதாவது ஐம்பது அமெரிக்க டாலர்.

குறை சொல்வது இவருக்கு வியாதி என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். எல்லாம் மணி அடித்தாற்போல் நடக்கிற இடத்தில் இவர் வெறும் பதினோராம் நம்பர் அறை. இங்கேதான் ஆஸ்தான வித்வான்.

ஒரு சீசனில் சுறுசுறுப்பான மேனேஜர் ஒருவர் வந்து சேர்ந்தார். எட்டு மணிக்குத் துண்டு தானாக வந்தது. முட்டை சூடாக வந்தது. புதிதாக வந்தவர்கள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நம்மவர் ஒரு வாரம் பேப்பரையே திரும்பத் திரும்பப் படித்தார், ஊர் கெட்டுப்போச்சு என்றார், அடுத்த வருடம் வேறு தீவு பார்க்கப்போவதாகவும் சொன்னார். நல்ல வேளை, அந்த மேனேஜரை மேற்குக் கரையின் பெரிய ஓட்டல் ஒன்று கொத்திக்கொண்டு போய்விட்டது. மறுநாள் காலை துண்டு வரவில்லை. கடலுக்குக் கிளம்பிய புதுத் தம்பதி கதவருகில் முழித்துக்கொண்டு நிற்க, நம்மவர் பேப்பரை மடித்துவிட்டு எழுந்தார்.

"ஆபீசுக்குப் போகாதீங்க. என்கூட வாங்க."